தாத்தாவின் ஊரைத் தேடும்போது நேரும் தவறுகள்

கோத்தகிரியிலும் கூடலூர், பந்தலூர்ப் பக்கங்களிலும் தேயிலையை நம்பி வாழும் குடும்பங்கள் பல, இலங்கை மலையகத்திலிருந்து தாயகம் திரும்பியவை. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கையில் குடியுரிமையின்றி இருந்த இந்திய வம்சாவளித் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்க வேண்டும் என்று வகுத்தது. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974-ஆம் ஆண்டு ஒப்பந்தம் சரிபாதியாகப் பிரித்தது. அன்று கைக்குழந்தையோடு கப்பலேறிய பெண்கள் இன்று எழுபதையும் எண்பதையும் கடந்துவிட்டார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது பூர்வீகத்தைத் தேடத் தொடங்கியிருக்கிறார்கள். அந்தத் தேடலில் திரும்பத் திரும்ப நேரும் சில தவறுகளை இங்கே எழுதுகிறேன். அவற்றில் பாதியை நானே செய்திருக்கிறேன்.

முதல் தவறு, ஆண்டைக் கேட்டுப் பேச்சைத் தொடங்குவது. நான் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து, “அப்பாயி, நீங்க எந்த வருசம் இங்க வந்தீங்க?” என்று கேட்டேன். “அதெல்லாம் எனக்கென்ன சாமி தெரியும், உங்க தாத்தாவுக்குத்தான் தெரியும்” என்றார். தாத்தா இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. பேச்சு அதோடு நின்றுவிட்டது. பல மாதங்கள் கழித்து, மழைநாள் ஒன்றில் இடுப்பில் சாக்கைச் சுற்றிக்கொண்டு தோட்டத்துக்குக் கிளம்பிய என்னை நிறுத்தி, படங்கு கட்டும் முறை இதுவல்ல என்று அவிழ்த்துத் தம் கையாலேயே கட்டிவிட்டார். முடிச்சை இறுக்கிக்கொண்டே லயத்தில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) எத்தனையாவது காம்பரா (அறை) தங்களுடையது, பெரட்டுக்கு (காலையில் வேலை பிரிக்கும் கூட்டத்துக்கு) எத்தனை மணிக்கு எழுந்தார்கள், கங்காணி (வேலையை மேற்பார்க்கும் தலைவர்) எப்படி ஏசுவார் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனார். “உங்கப்பன் வயித்துல இருந்தப்பதான் அரிசியே கிடைக்கல, மரவள்ளிய அவிச்சுத் தின்னோம்” என்ற ஒரு வரியும் அதில் வந்தது. இலங்கைத் தோட்டங்களில் கடும் உணவுத் தட்டுப்பாடு நிலவியது 1973–74-இல். அவர்கள் வந்த ஆண்டு இல்லாவிட்டாலும், அப்பா பிறந்த காலம் நான் கேட்காமலேயே கிடைத்தது.

ஆகவே ஆண்டை விட்டுவிட்டு, வேலையையும் உணவையும் வழியையும் கேட்க வேண்டும். கப்பல் இறங்கியது தனுஷ்கோடியிலா ராமேசுவரத்திலா என்ற ஒரு கேள்வியே காலத்தைப் பிரித்துக் காட்டிவிடும். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்த பின்னர் தலைமன்னார்க் கப்பல் ராமேசுவரத்துக்குத்தான் வந்தது. மண்டபம் முகாமில் எத்தனை நாள் இருந்தார்கள், அங்கே என்ன சமைத்தார்கள் என்று கேட்டால் பெரும்பாலானவர்களுக்கு நன்றாகவே நினைவிருக்கிறது.

அப்பாவின் பயண ஆவணத்தில் பிறந்த ஆண்டு 1971 என்று இருக்கிறது. அப்பாயியின் கணக்குப்படி அது பொருந்தாது. இத்தகைய இடங்களில் தாளையே நம்பிப் பேச்சைத் திருத்துவது அடுத்த தவறு. வயதை உத்தேசமாகச் சொல்லி எழுதிக்கொண்ட காலம் அது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, எது எங்கிருந்து கிடைத்தது என்றும் குறித்துவைப்பதே முறை.

பூர்வீக ஊரை இன்றைய மாவட்ட வரைபடத்தில் தேடுவதால் வீணாகும் உழைப்பு கொஞ்சநஞ்சமல்ல. பழைய தாளில் ‘திருச்சி ஜில்லா’ என்றிருந்தால் அந்தக் கிராமம் இன்று கரூரிலோ பெரம்பலூரிலோ இருக்கலாம். புதுக்கோட்டை 1974-இல் தனி மாவட்டமானது. ‘மதுரை ஜில்லா’ என்றிருப்பது 1985-இல் பிரிந்த திண்டுக்கல்லாகவும், ‘சேலம்’ என்றிருப்பது 1997-இல் பிரிந்த நாமக்கல்லாகவும் இருக்கக்கூடும். தாலுகாவின் பெயரும் தாளில் இருந்தால் அதையே முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். ஊர்ப்பெயரே மறந்துபோன வீடுகளில் குலதெய்வத்தின் பெயரையும், புதுக் கோயிலுக்காக மூலக்கோயிலிலிருந்து கொண்டுவரும் கைப்பிடி மண்ணான பிடிமண்ணை எங்கிருந்து எடுத்து வந்தார்கள் என்பதையும் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். தோட்டத்துக் கோயிலின் சாமி எந்த ஊரிலிருந்து வந்தது என்பதைப் பாட்டிமார்கள் மறப்பதில்லை.

பெயர்களிலும் கவனம் வேண்டும். நாம் லட்சுமி என்று எழுதுவது இலங்கை ஆவணத்தில் லெட்சுமி என்ற ஒலிப்புக்கேற்ற ஆங்கில எழுத்துகளில் இருக்கும். பெண்களுக்கு வீட்டில் ஒரு பெயரும் தாளில் வேறொரு பெயரும் இருப்பதுண்டு. அப்பா, தாத்தா, பூட்டன் என்று ஆண்வழியாக மட்டும் மரம் வரைந்து, அம்மாயியின் தாயார் பெயரை யாரும் கேட்காமலேயே விட்டுவிடுவது எனக்கு மிகவும் வருத்தம் தருகிற தவறு.

தாள்களைப் பாதுகாப்பதாக எண்ணி லேமினேஷன் செய்துவிடாதீர்கள். தாத்தாவின் பாஸ்போர்ட்டிலிருந்த இரண்டு பக்கங்களை நான் கடைக்குக் கொண்டுபோய் அப்படிச் செய்தேன். சூட்டில் ஒட்டியதை இனி பிரிக்க முடியாது. உள்ளேயிருக்கும் முத்திரை ஆண்டுக்கு ஆண்டு மங்கிவருவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நம் மலையின் ஈரத்தில் பிளாஸ்டிக் உறையும் பூசணத்துக்கு இடம் கொடுக்கும். சாதாரணக் காகித உறையில் போட்டு, சுவரைத் தொடாத அலமாரியில் வைத்தால் போதும். கண்ணாடியோடு ஒட்டிப்போன புகைப்படத்தைப் பிய்த்தெடுக்காமல், கண்ணாடியின் மேலேயே படமெடுங்கள். அதை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தெளிவு குறையும், டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள். குரல்பதிவு ஒரு கைப்பேசியில் மட்டும் இருக்கக் கூடாது.

பதிவை எழுத்தாக்கும்போது பெரியவர்களின் பேச்சை ஏட்டுத் தமிழாக மாற்றிவிடுவதும் இழப்புத்தான். காம்பராவை அறை என்றும் தொரையை மேலாளர் என்றும் மாற்றினால் அவர்கள் வாழ்ந்த இடமே அழிந்துபோகிறது. சொன்னபடியே எழுதி, பொருளை ஓரத்தில் குறிக்கலாம்.

மௌனத்தை வற்புறுத்திக் கலைக்காதீர்கள். ஒப்பந்தம் பல வீடுகளில் உடன்பிறந்தவர்களையே இரு நாடுகளில் பிரித்துவைத்தது. அப்பாயியின் தங்கை அங்கேயே தங்கிவிட்டார். அவரைப் பற்றி ஒரு மாலையில் நாற்பது நிமிடம் பேசிய அப்பாயி, இறுதியில் இதை என் காலத்துக்குப் பிறகு மற்றவர்களுக்குக் கொடு என்று சொன்னார். அந்தப் பதிவைத் தனிக் கோப்பில் போட்டு, அவர் சொன்ன சொல்லையே அதற்குப் பெயராக வைத்திருக்கிறேன்.