முனையில் சிதறாமல் ஒரு பாலிமர் பாய்வைக் கணக்கிட

பாலிமர் பாய்வுகளைக் கணக்கிடும் ரியோடூல் மென்பொருளில் 4:1 குறுக்கத்தை, அதாவது அகலக் கால்வாய் ஒன்று சட்டென நான்கில் ஒரு பங்காகக் குறுகும் பாய்வை, ஓட்டப் போகிறீர்களா? முதலில் பாலிமரை மறந்துவிடுங்கள். அதே மெஷ்ஷில் (கால்வாயைச் சிறு செல்களாகப் பிரிக்கும் வலையில்) தண்ணீரைப் போன்ற சாதாரண நியூட்டோனியப் பாய்மத்தை, ரெனால்ட்ஸ் எண்ணை (பாகுத்தன்மையோடு ஒப்பிட்ட நிலைம விளைவை) பூஜ்யத்தை ஒட்டி வைத்து ஓட்டிப் பாருங்கள். அகலக் கால்வாயின் மூலையில் ஒரு சுழல் வந்து உட்காரும். அதன் நீளம் குறுகிய கால்வாயின் அரை அகலத்தைப் போல் சுமார் 1.5 மடங்கு இருக்க வேண்டும். இல்லையென்றால் அங்கேயே நின்று மெஷ்ஷைச் சரிபாருங்கள்.

சரி, இப்போது ஓல்ட்ராய்ட்-பி, அதாவது கரைப்பானில் மீள்தன்மையுள்ள பாலிமர் கலந்த பாய்மத்துக்கான எளிய மாதிரி. மொத்தப் பாகுத்தன்மையில் கரைப்பானின் பங்கை 1/9 என்று வையுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஏராளமான முடிவுகள் கிடைக்கும். தொல்லை முழுக்க, குறுகிய கால்வாய் தொடங்கும் இடத்தில் பாய்மத்துக்குள் நீட்டி நிற்கும் அந்த 270 பாகை முனையில்தான். நியூட்டோனியப் பாய்மத்தில் தகைவு, முனையிலிருந்துள்ள தூரத்தின் −0.4555 அடுக்காக ஏறும். இங்கே −2/3. இதை ஹின்ச் 1993இல் காட்டினார். அதனால் ‘முனையில் உச்சத் தகைவு எவ்வளவு’ என்ற கேள்விக்கே அர்த்தமில்லை. செல்லைப் பாதியாக்கினால் அந்த எண் ஏறத்தாழ 1.6 மடங்காகும், மறுபடி பாதியாக்கினால் மறுபடி ஏறும். இதைத் துரத்திக்கொண்டு வாரக்கணக்கில் சர்வரைச் சூடாக்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

நான் பார்ப்பது சாய்வை. முனையிலிருந்து நடுக்கோட்டை நோக்கி நேராக ஒரு கோடு இழுத்து, தூரத்தையும் தகைவையும் லாக்-லாக்கில் வரைவேன். முனையை ஒட்டிய முதல் சில செல்களை நம்ப வேண்டாம். அதற்கடுத்த பகுதியில் −2/3 சாய்வு தெரிந்தால் மெஷ் போதும். சுவரை ஒட்டி மட்டும் அளக்காதீர்கள். அங்கே மெல்லிய தகைவு அடுக்கு இருக்கிறது, அதன் கணக்கு வேறு.

டெபோரா எண்ணை (பாலிமர் தளர எடுக்கும் நேரத்தைப் பாய்வின் நேரத்தோடு ஒப்பிடும் எண்ணை) ஒரேயடியாக 3க்குத் தூக்காதீர்கள். 0.5, 1, 1.5 என்று, முந்தைய விடையையே தொடக்கமாகக் கொடுத்து ஏற்றுங்கள். ஃபட்டாலும் குப்ஃபர்மனும் 2004இல் தந்த லாக்-கன்ஃபர்மேஷன் முறை கட்டாயம் வேண்டும்: அது தகைவுக்குப் பதிலாக, பாலிமரின் நீட்சியைக் குறிக்கும் கன்ஃபர்மேஷன் டென்சரின் மடக்கையைக் கணக்கிடுகிறது; தகைவு கிடுகிடுவென ஏறும் இடத்திலும் அந்த மடக்கை நிதானமாகவே ஏறும்.

டெபோரா கூடக்கூட மூலைச் சுழல் சுருங்கி, முனையருகே குட்டியாக உதட்டுச் சுழல் முளைக்கும். உடனே சந்தோஷப்படாதீர்கள். மெஷ்ஷை இறுக்கியும் அது அதே அளவில் நிற்கிறதா பாருங்கள்; பரும்படியான மெஷ் அதைப் பெரிதாக்கிக் காட்டும்.

அப்புறம், முனையைக் கொஞ்சம் வளைத்துவிட்டால் சுலபமாக ஓடுமே என்பார்கள். ஓடும்தான். ஆனால் அது வேறு வடிவம், −2/3ஐ முனை வரைக்கும் அதில் தேட முடியாது. வளைத்தால் ஆரத்தையும் முடிவோடு சேர்த்து எழுதுங்கள்.