மாலா-என் மாத்திரையை நாள் விடாமல் போடுவது எப்படி?

கருத்தடை மாத்திரையை ஒரு நாள்கூட விடாமல் போட்டால், ஓராண்டில் 100 பெண்களில் ஒருவர் கர்ப்பமாவதுகூட அரிது. ஆனால் மறதி, தாமதம், ஊருக்குப் போன இடத்தில் அட்டையை எடுத்துப் போகாதது எல்லாம் சேரும்போது, அது 100 பேரில் ஏறக்குறைய 7 பேர் ஆகிவிடுகிறது. மாத்திரை அதேதான், போடும் விதம்தான் வேறு. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகத் தரும் மாலா-என் அட்டையை வைத்தே சொல்கிறேன். வேறு மாத்திரை என்றால் அதன் அட்டையோடு வரும் தாளைப் பாருங்கள்.

1. முதலில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்

மருத்துவரிடமோ கிராம சுகாதார செவிலியரிடமோ போய் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். குழந்தைக்கு ஆறு மாதம் ஆகாமல் தாய்ப்பால் கொடுப்பவர்கள், உயர் ரத்த அழுத்தம், ரத்தம் உறைந்த பிரச்சினை, கல்லீரல் நோய், மார்பகப் புற்றுநோய் உள்ளவர்கள், கண்ணில் ஒளி மின்னி வரும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள் ஆகியோருக்கு இது சரிவராது. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிட்டாலும், வலிப்புக்குச் சில மருந்துகள் சாப்பிட்டாலும் இதன் பலன் குறைந்துவிடும். அதைக் கட்டாயம் சொல்லிவிடுங்கள். கூச்சப்பட வேண்டிய இடம் இது இல்லை.

2. அட்டையைப் புரிந்துகொள்ளுங்கள்

ஓர் அட்டையில் 28 மாத்திரை. வெள்ளை 21, அடர்நிறம் 7. கருத்தரிக்காமல் தடுக்கும் ஹார்மோன் வெள்ளையில்தான் இருக்கிறது. அடர்நிற மாத்திரை வெறும் இரும்புச்சத்து. அந்த ஏழு நாளில்தான் மாதவிடாய் வரும்.

3. தொடங்கும் நாள்

மாதவிடாய் தொடங்கிய ஐந்து நாளுக்குள் முதல் வெள்ளை மாத்திரையைப் போடுங்கள். அதற்குப் பிறகு தொடங்கினால், கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, முதல் 7 நாள் ஆணுறையும் சேர்த்துப் பயன்படுத்துங்கள்.

4. ஒரே நேரம்

தினமும் தவறாமல் செய்யும் ஒரு வேலையோடு இதைச் சேர்த்துவிடுங்கள். நான் இரவு சாப்பிட்டுப் பாத்திரம் கழுவி முடித்ததும் போடுவேன். வெறும் வயிற்றில் குமட்டல் வருகிறவர்களுக்கும் இரவு நேரம்தான் நல்லது. குமட்டல், நடுவில் திட்டுத்திட்டாக ரத்தம் படுவது எல்லாம் முதல் மூன்று மாதத்தில் பலருக்கும் வரும். அதற்குப் பயந்து பாதியில் நிறுத்திவிடாதீர்கள். ஆனால் கடுமையான நெஞ்சுவலி, ஒரு காலில் மட்டும் வலியும் வீக்கமும், திடீரென்று பார்வை மங்குவது, தாங்க முடியாத தலைவலி என்றால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

5. அடுத்த அட்டை: பலர் சறுக்கும் இடம்

அட்டையின் நடுவில் ஒரு நாள் மறந்தால்தான் ஆபத்து என்று நினைக்கிறோம். உண்மையில் அதைவிட ஆபத்தானது, புது அட்டையைத் தாமதமாகத் தொடங்குவது. வெள்ளை மாத்திரை இல்லாத அந்த ஏழு நாளில் சினைப்பை மெல்ல விழித்துக்கொண்டு கருமுட்டையை வளர்க்க ஆரம்பிக்கும். எட்டாம் நாள் புது வெள்ளை மாத்திரை போனால் அது அடங்கிவிடும். இரண்டு மூன்று நாள் தள்ளிப்போனால், முட்டை வெளியேறிவிட வாய்ப்பு உண்டு. ஒருமுறை கல்யாண வீட்டு அலைச்சலில் நான் அட்டை வாங்க மறந்து மூன்று நாள் விட்டுவிட்டேன். அடுத்த மாதவிடாய் வரும்வரை நிம்மதியாகத் தூங்கவில்லை. அன்றிலிருந்து வீட்டில் எப்போதும் ஓர் அட்டை கூடுதலாக இருக்கும். நீங்களும் அடர்நிற மாத்திரையைத் தொட்ட அன்றே அடுத்த அட்டை கையில் இருக்கிறதா என்று பாருங்கள். மாதவிடாய் நிற்கவில்லை என்றாலும் 29-ஆம் நாள் புது அட்டைதான்.

6. சரி, மறந்துவிட்டால்?

ஒரு வெள்ளை மாத்திரை என்றால், நினைவு வந்ததும் போடுங்கள். ஒரே நாளில் இரண்டு போட வேண்டி வந்தாலும் பரவாயில்லை.

இரண்டோ அதற்கு மேலோ என்றால், கடைசியாக விட்டதை மட்டும் உடனே போட்டு, மற்றதை விட்டுவிட்டு, வழக்கம்போலத் தொடருங்கள். 7 நாள் ஆணுறை கட்டாயம். இது வெள்ளையின் மூன்றாம் வாரத்தில் நடந்தால், வெள்ளை முடிந்ததும் அடர்நிறத்தைத் தொடாமல் நேரே புது அட்டைக்குப் போங்கள். முதல் வாரத்தில் விட்டு, அந்த நாட்களில் ஆணுறை இல்லாமல் உறவும் இருந்திருந்தால், 72 மணி நேரத்துக்குள் அவசர கருத்தடை மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

அடர்நிற மாத்திரை விட்டுப்போனால் கவலை வேண்டாம். தூக்கிப் போட்டுவிடலாம்.

மாத்திரை போட்டு இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று போடுங்கள்.

அப்புறம், அடர்நிற வாரத்தில் மாதவிடாயே வரவில்லை என்றால்? எதையும் விடாமல் போட்டிருந்தால் கர்ப்பமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு, புது அட்டையை அதே நாளில் தொடங்கலாம். நடுவில் விட்டிருந்தால் மட்டும், மருந்துக்கடையில் பரிசோதனை அட்டை வாங்கிக் காலை முதல் சிறுநீரில் பார்த்துவிடுங்கள்.