கல்வெட்டுகளைக் கொண்டு ஓர் அரசனின் ஆட்சிக்காலத்தை வகுப்பது எப்படி: கோப்பெருஞ்சிங்கனை முன்வைத்து

சோழப் பேரரசன் மூன்றாம் இராசராசனைப் பிடித்துத் தன் தலைநகரான சேந்தமங்கலத்தில் சிறைவைத்த, பல்லவர் வழிவந்த காடவர் குலத் தலைவன் கோப்பெருஞ்சிங்கனைப் பற்றி நாம் அறிந்தவை பெரும்பாலும் கோயில் சுவர்களில் வெட்டப்பட்ட எழுத்துகளிலிருந்து வந்தவையே. அவ்வெழுத்துகளை எந்த முறையில் அடுக்கினால் அவனது ஆட்சி தெளிவாகும் என்பதை, ஊர் வரலாறு எழுத விரும்புவோருக்காக இங்கே விளக்குகிறேன்.

முதலில் அச்சான பாடங்களைத் திரட்டிக்கொள்ள வேண்டும். தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் 12ஆம் தொகுதியில் பல்லவர் சாசனங்களோடு கோப்பெருஞ்சிங்கனின் சாசனங்களும் தொகுக்கப்பட்டிருப்பதால், அதிலிருந்து தொடங்குவதே நல்லது. ஒவ்வொரு கல்வெட்டுக்கும் ஒரு தாள் எடுத்து, ஊர், கோயில், சுவரில் உள்ள இடம், அரசனின் பட்டம், ஆட்சியாண்டு, கொடையின் பொருள் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். சிதைந்த எழுத்துகளை ஊகத்தால் நிரப்பாமல் சிதைவு என்றே எழுதுங்கள். இதில் காட்டும் சோம்பல் பின்னால் எல்லாக் கணக்கையும் கெடுத்துவிடும்.

அடுத்தது ஆண்டுக் கணக்கு. ‘சகலபுவனச் சக்கரவர்த்திகள் ஸ்ரீகோப்பெருஞ்சிங்கதேவர்க்கு யாண்டு’ என்று தொடங்கும் சாசனங்கள் 1243இல் முடிசூடியவனின் ஆட்சியாண்டுகளைக் குறிக்கின்றன. முடிசூடிய ஆண்டே முதலாம் ஆட்சியாண்டு என்பதால், ஆட்சியாண்டிலிருந்து ஒன்றைக் கழித்து 1243உடன் கூட்ட வேண்டும். அவ்வாறு ஐந்தாம் ஆட்சியாண்டு 1247-48 ஆகவும், முப்பத்தாறாம் ஆண்டு 1278-79 ஆகவும் அமையும். ஆட்சியாண்டு சித்திரையிலோ சனவரியிலோ தொடங்குவதன்று, முடிசூடிய நாளிலிருந்து எண்ணப்படுவது. ஆகவேதான் இரண்டு ஆண்டுகளை இணைத்து எழுதுகிறோம். சக ஆண்டு (கி.பி. 78இலிருந்து எண்ணப்படும் பழைய ஆண்டுமுறை) கொடுக்கப்பட்டிருந்தால் 78ஐக் கூட்டுங்கள்: ஆந்திரத்தின் திராட்சாராமத்தில் உள்ள அவனது சாசனத்தின் சகம் 1184, கி.பி. 1262 ஆகிறது. மாதம், திதி, நட்சத்திரம், கிழமை ஆகியவை சேர்ந்து வரும் சாசனத்தைப் பஞ்சாங்கக் கணக்கோடு ஒப்பிட்டால் நாளையே உறுதிசெய்ய முடியும். ‘எதிராமாண்டு’ என்ற சொல்லைக் கண்டால் நிதானியுங்கள். ‘15ஆவதின் எதிராமாண்டு’ என்றால் பதினைந்தை அடுத்துவரும் பதினாறாம் ஆண்டு என்று பொருள்.

இந்தச் சொல்லின் அருமையைத் திருவந்திபுரம் கல்வெட்டில் காணலாம். கடலூரை அடுத்த தேவநாயகப் பெருமாள் கோயிலில், மூன்றாம் இராசராசனின் 15ஆம் ஆண்டின் எதிராமாண்டில், அதாவது 1231-32இல் அது வெட்டப்பட்டது. சோழன் சேந்தமங்கலத்தில் சிறைப்பட்டதையும், போசள மன்னன் இரண்டாம் நரசிம்மன் தன் தலைநகரான துவாரசமுத்திரத்திலிருந்து புறப்பட்டதையும், அவனுடைய தண்டநாயகர்களான (படைத்தலைவர்களான) அப்பண்ணனும் சமுத்திர கொப்பையனும் காடவனின் ஊர்களை அழித்துக்கொண்டு முன்னேறியதையும், இறுதியில் சோழன் விடுவிக்கப்பட்டதையும் அது படிப்படியாகச் சொல்கிறது. தமிழ்க் கல்வெட்டுகளில் ஒரு படையெடுப்பை இவ்வளவு விரிவாகக் கூறுபவை மிகச் சில; அதை நிறுத்தி நிதானமாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆயினும் அது வென்றவர் தரப்பின் சொல் என்பதை மறக்கலாகாது. கோயில்கள் அழிந்தன என்று காடவன்மேல் அது சாட்டும் பழியை, வந்தவாசி வட்டாரத்து வயலூர்க் கல்வெட்டின் அருகில் வைத்துப் படியுங்கள். அது காடவன் தரப்பின் பாடல். தெள்ளாற்றில் சோழனை வென்று, அரச சின்னங்களைக் கவர்ந்து, அவனைச் சிறையிட்டதைப் பெருமையோடு பாடுகிறது. சிறைப்பிடித்த செய்தியில் இரு தரப்பும் ஒன்றுபடுவதால் அதை உறுதியான நிகழ்ச்சியாகக் கொள்ளலாம். ஒரு தரப்பு மட்டும் சொல்வதை அத்தரப்பின் கூற்று என்றே எழுத வேண்டும். (ஒன்பதாம் நூற்றாண்டில் ‘தெள்ளாறெறிந்த’ என்ற சிறப்பைப் பெற்ற பல்லவன் நந்திவர்மனின் போரும் இதே ஊரில் நடந்ததுதான்; இரண்டையும் குழப்பிவிடக் கூடாது.)

ஒரே பெயர் என்பதால் ஒரே ஆள் என்று முடிவுகட்டுவது பெரும்பாலானோர் செய்யும் பிழை. 1231இல் சோழனைச் சிறைப்பிடித்த, அழகிய சீயன் எனப்பட்ட கோப்பெருஞ்சிங்கனும் 1243இல் முடிசூடியவனும் தந்தையும் மகனும் என்று ஆய்வாளர் பலர் கொள்கின்றனர். ஒருவரே என்ற கருத்தும் உண்டு. எனவே உங்கள் தாள்களில் பட்டப்பெயரைக் கல்லில் உள்ளவாறே எழுதிவைத்து, ஆண்டு குறிக்காத சாசனங்களைத் தனிக் கட்டாக ஒதுக்குங்கள். இரு கோப்பெருஞ்சிங்கர் என்ற கருத்தே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

கொடைகள் ஆட்சியின் வலிமையைக் காட்டும். செங்கற்பட்டுப் பகுதியின் ஆற்றூர்ச் சாசனம், தில்லையின் தெற்குக் கோபுரத் திருப்பணிக்கு நிலம் விடப்பட்டதைக் கூறி, அக்கோபுரத்தைச் சொக்கச்சீயன் என்ற கோப்பெருஞ்சிங்கனின் பட்டப்பெயராலேயே குறிக்கிறது. பாலாற்றங்கரை வட்டாரத்து வருவாய் கொள்ளிடக் கரையை அடுத்த தில்லைக்குச் சென்றது என்றால், இடைப்பட்ட நாட்டில் அவன் ஆணை செல்லுபடியானது என்று துணிந்து சொல்லலாம்.

கடைசியாக, சாசனம் உள்ள ஊர்களை ஒரு நிலப்படத்தில் குறியுங்கள். நெருக்கமாகப் புள்ளிகள் விழும் இடமே அவன் ஆண்ட நாடு. தொலைவில் தனித்து நிற்கும் திராட்சாராமமும் திரிபுராந்தகமும் அவன் சென்று கொடையளித்த தலங்களே என்பதால், அவற்றை வேறு நிறத்தில் இடுங்கள். 1251இல் பட்டமேறிய முதலாம் சடையவர்மன் சுந்தரபாண்டியனின் மெய்க்கீர்த்தி (கல்வெட்டின் தொடக்கத்தில் அரசன் புகழைக் கூறும் பகுதி) சேந்தமங்கல முற்றுகையைப் பேசுவதால், அதற்கு முந்தைய சாசனங்களுக்கும் பிந்தையவற்றுக்கும் இரண்டு படங்கள் வரைந்து, புள்ளிகள் எங்கே குறைந்தன, எங்கே நீடித்தன என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.