'எஸ்' எழுந்து நடக்கட்டும்: ஆங்கில இலக்கணத்துக்கு இரண்டு வகுப்பறை விளையாட்டுகள்

"டஸ் ராணி வொர்க்ஸ் இன் திருப்பூர்?" என்று எழுதும் பிள்ளையைக் கவனக்குறைவுக்காகக் கடிந்துகொள்வதற்கு முன், அந்தப் பிழை தமிழிலிருந்தே பிறக்கிறது என்பதை ஆசிரியர் உணர வேண்டும். 'ராணி வேலை செய்கிறாள்' என்பதைக் கேள்வியாக்க, வினைச்சொல்லைத் தொடாமல் கடைசியில் ஓர் 'ஆ' சேர்த்தால் போதும். ஆங்கிலத்திலோ வினையின் வாலான 'எஸ்' கழன்று, முன்னே வந்து நிற்கும் 'டூ' என்ற துணைவினையில் ஒட்டிக்கொள்கிறது. இந்த இடமாற்றத்தைக் கரும்பலகையில் பத்து முறை விளக்குவதைவிட, ஒரு பிள்ளையை எழுந்து நடக்கச் செய்வது எளிது. கோபிசெட்டிபாளையம் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைகளோடு நான் ஆடிப் பழகிய முறையைக் கீழே தருகிறேன்.

முதலில் அட்டைகள். பழைய மாதக் காலண்டர் தாள்களின் பின்புறத்தில், கடைசி வரிசைக்கும் தெரியும்படி ராணி, வொர்க், எஸ், இன் திருப்பூர் என்று தனித்தனியே எழுதுங்கள். (இங்கே ஒலியைத் தமிழில் தந்திருக்கிறேன், அட்டையில் ஆங்கில எழுத்தே இருக்க வேண்டும்.) இன்னோர் அட்டையின் ஒருபுறம் 'டூ', மறுபுறம் 'டஸ்'. மற்றோர் அட்டையில் ஒருபுறம் முற்றுப்புள்ளி, மறுபுறம் கேள்விக்குறி.

அடுத்து, ஆறு பேரை அழைத்து ஆளுக்கோர் அட்டை கொடுங்கள். 'டூ' பிடித்தவர் சுவரோரம் காத்திருக்க, மற்ற ஐவரும் வரிசையாக நின்று வாக்கியமாக வேண்டும். 'எஸ்' பிடித்த பிள்ளை 'வொர்க்' பிள்ளையின் தோளில் கைபோட்டு நிற்க வேண்டும். வகுப்பு முழுவதும் அந்த வாக்கியத்தை உரக்கப் படிக்கட்டும்.

இப்போது நீங்கள் "கேள்வி!" என்று சொன்னதும் 'டூ' ஓடிவந்து ராணிக்கு முன்னால் நிற்கும், 'எஸ்' தோளை விட்டுவிட்டு அங்கே ஓடும், அது தொட்ட பிறகுதான் 'டூ' அட்டை 'டஸ்' என்று திரும்ப வேண்டும். கடைசி ஆள் புள்ளியைக் கேள்விக்குறியாகத் திருப்புவார். தனியாக நிற்கும் 'வொர்க்' பிள்ளையின் வெறுந்தோளைக் காட்டி, "இங்கிருந்த 'எஸ்' எங்கே?" என்று கேளுங்கள். என் அனுபவத்தில் பிழை திருந்துவது இந்த நொடியில்தான். ஆகவே இங்கே அவசரப்படக் கூடாது. பிறகு ராணிக்குப் பதிலாக 'தே' அட்டையை நிறுத்துங்கள். 'எஸ்' தானாகப் போய் உட்கார்ந்துகொள்ள வேண்டும். தமிழில் செய்கிறேன், செய்கிறாள், செய்கிறார்கள் என ஒவ்வொருவருக்கும் ஒரு விகுதி உண்டு. ஆங்கிலத்தின் நிகழ்காலத்தில் 'ஹி, ஷி, இட்' வகைக்கு மட்டுமே இந்த வால் என்பதை அப்போது சொன்னால் மனத்தில் தங்கும்.

முதல் முறை இதை நடத்தியபோது ஆறு பேர் ஆட, முப்பது பேர் வேடிக்கை பார்த்துச் சத்தம் போட்டார்கள். பக்கத்து வகுப்பிலிருந்து ஆள் வந்துவிட்டது. இப்போது உட்கார்ந்திருப்பவர்களே நடுவர்கள்: வாக்கியம் சரியென்றால் ஒரு கைதட்டு, தவறென்றால் மேசையில் ஒரு தட்டு. ஆட்டம் முடிந்த கையோடு ஐந்து கேள்விகளை நோட்டில் எழுதவைக்க மறவாதீர்கள்.

இரண்டாவது விளையாட்டு இறந்தகாலத்துக்கு. அதற்குக் கட்டம் கீறி நொண்டியடிக்கும் பாண்டி ஆட்டமே போதும். எட்டுக் கட்டம் கீறி, ஒவ்வொன்றிலும் கோ, ப்ளே, ஈட், வாக் போன்ற ஒரு வினையை எழுதுங்கள். 'எட்' சேரும் வினையானால் இரண்டு காலும் ஊன்ற வேண்டும். 'வென்ட்', 'ஏட்' என்று உருமாறுவதானால் நொண்டிதான். குதிக்கும்போதே இறந்தகால வடிவத்தைச் சொல்ல வேண்டும். காலோ சொல்லோ தவறினால் ஆட்டம் அடுத்தவருக்கு. 'புட்', 'கட்' போன்று மாறாத வினைகள் வந்தால் நொண்டியா இரண்டு காலா என்று சண்டை வரும். அவற்றுக்குக் கட்டம் போடாமல் நடுவில் நீங்களே கூவுங்கள். கேட்ட பிள்ளை குதிக்காமல் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும்.