பெங்களூருவில் முதல் வேலை: பெட்டி கட்டுவதிலிருந்து பொங்கல் டிக்கெட் வரை

ஆஃபர் லெட்டர் வந்துவிட்டது. சேர வேண்டிய ஊர் பெங்களூரு. அங்கே தெரிந்தவர் என்று சொல்லிக்கொள்ள ஒருத்தரும் இல்லை. அப்படிக் கிளம்புகிற தம்பி, தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். என் கட்சி ஒன்றுதான்: முதல் மூன்று மாதத்துக்கு, பிடிக்காவிட்டால் விட்டுவிட்டு வரமுடியாத எதிலும் மாட்டிக்கொள்ளாதீர்கள். லீசுக்கு வீடு, தவணையில் பைக், வருடச் சந்தா ஜிம் எல்லாம் அப்புறம் பார்க்கலாம்.

1. முதலில் பணக் கணக்கு

பல கம்பெனிகளில் சம்பளக் கணக்கை இருபதாம் தேதி வாக்கில் முடித்துவிடுவார்கள். ஜூன் 22-ல் சேர்ந்தால், அந்த எட்டொன்பது நாள் சம்பளமும் ஜூலை கடைசியில்தான் சேர்ந்து வரும். அதுவரை கையிருப்புதான்.

பி.ஜி. (பேயிங் கெஸ்ட், சாப்பாட்டோடு தங்குகிற விடுதி) வாடகை 9,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அட்வான்ஸ் இன்னொரு 9,000. சம்பளம் வருவதற்குள் இரண்டாவது மாத வாடகையும் வந்து நிற்கும், அது ஒரு 9,000. மதியச் சாப்பாடு, பஸ், பக்கெட், தலையணை என்று 8,000. ஆக 35,000. வீட்டில் கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். கிளம்பும் முன்பே கேட்டுவிடுங்கள். போனபிறகு போன் போட்டுக் கேட்பது இன்னும் கஷ்டம்.

2. பெட்டியில் என்ன

ஒரிஜினல் சான்றிதழ்கள், ஜெராக்ஸ் நாலு செட், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, ஆதார், பான், பேங்க் பாஸ்புக். ஒரிஜினலைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவதுதான் முறை. "எங்ககிட்டயே இருக்கட்டும்" என்றாலோ, சேருவதற்குப் பணம் கட்டச் சொன்னாலோ திரும்பி வந்துவிடுங்கள். ஒரு ஸ்வெட்டர், ஒரு குடை வேண்டும். பாய், பக்கெட்டை எல்லாம் ஊரிலிருந்து தூக்கிக்கொண்டு போகவேண்டாம்.

3. ஆபீஸ் எந்தப் பக்கம் என்று கேளுங்கள்

லெட்டரில் "பெங்களூரு" என்று மட்டும் இருந்தால் போதாது. ஒயிட்ஃபீல்டா, எலக்ட்ரானிக் சிட்டியா, மாரத்தஹள்ளியா, நாகவாரா மான்யதா பார்க்கா என்று ஹெச்.ஆரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ஊரின் வடமேற்கில் யஷ்வந்த்பூரில் தூரத்து மாமா ஒருத்தர் இருக்கிறாராம் என்று அங்கே தங்கி, தெற்குக் கோடியில் இருக்கிற எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போய்வர நினைத்தால், மாமாவோடும் ஒட்டாது, வேலையோடும் ஒட்டாது.

ஒயிட்ஃபீல்டுக்கு பர்ப்பிள் லைன் மெட்ரோ இருக்கிறது. எலக்ட்ரானிக் சிட்டிக்கு 2025 ஆகஸ்டிலிருந்து யெல்லோ லைன் ஓடுகிறது, ஆர்.வி. ரோட்டில் தொடங்கி சில்க் போர்டு வழியாக பொம்மசந்திரா வரை. ஆனாலும் புதுசாகப் போகிறவர் ஆபீஸுக்கு நடந்து போகிற தூரத்தில் தங்குவதே நல்லது. வாடகை ஆயிரம் கூடினாலும் பரவாயில்லை.

4. பி.ஜி. பார்ப்பது எப்படி

ஊரிலிருந்தபடியே போட்டோ பார்த்து அட்வான்ஸ் அனுப்பாதீர்கள். பல பி.ஜி.க்களில் நாள் வாடகைக்கும் இடம் தருவார்கள். இரண்டு மூன்று நாள் அப்படித் தங்கிக்கொண்டு, அக்கம்பக்கத்தில் நாலைந்து இடம் ஏறி இறங்குங்கள்.

போகவேண்டிய நேரம் ராத்திரி எட்டு மணி. அப்போதுதான் சாப்பாடு நடக்கும், எல்லோரும் ரூமில் இருப்பார்கள், வைஃபையின் லட்சணமும் தெரியும். தட்டோடு நிற்கிற கூட்டத்தில் தமிழ் பேசுகிற ஒருத்தராவது இருப்பார். ஓனர் அந்தப் பக்கம் போனதும், "அண்ணா, தண்ணி எப்படி? போகும்போது அட்வான்ஸ் ஒழுங்கா தர்றாங்களா?" என்று கேளுங்கள். அவர் முகம் போகிற போக்கிலேயே பாதி தெரிந்துவிடும்.

அடுத்து பாத்ரூம். குழாய் வாயிலும் ஷவர் ஓட்டைகளிலும் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தால் அது போர்வெல் தண்ணி. காவேரித் தண்ணி வருகிறதா, போர்வெல்லா, லாரித் தண்ணியா என்று நேராகவே கேட்கலாம். பெங்களூருவில் வீடு பார்க்கிற எல்லோரும் கேட்கிற கேள்விதான். 2024 கோடையில் போர்வெல்கள் வற்றி, டேங்கர் லாரிக்கு நகரமே அலைந்தது. அதனால் கோடையில் என்ன செய்தார்கள் என்றும் சேர்த்துக் கேளுங்கள். ஜன்னலைத் திறந்து பாருங்கள். பக்கத்துக் கட்டடத்துச் சுவர் கைக்கு எட்டினால் வேறு ரூம் காட்டச் சொல்லுங்கள். ஞாயிறு ராத்திரி சாப்பாடு உண்டா என்பதையும் விடாதீர்கள். பல இடங்களில் இருக்காது.

கடைசியாக அட்வான்ஸ். காலி செய்யும்போது "மெயின்டனன்ஸ்" என்று எவ்வளவு பிடிப்பார்கள், எத்தனை நாள் முன்னால் சொல்லவேண்டும், நடு மாதத்தில் போனால் மீதி வாடகை வருமா என்ற மூன்றையும் வாட்ஸாப்பில் எழுதி அனுப்பி, ஓனரிடம் "ஓகே" வாங்கிவிட்டுப் பணம் கொடுங்கள். வாய்ச்சொல்லை நம்பவேண்டாம்.

தனி வீடு என்றால் ஐந்தாறு மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பார்கள், பத்து மாதம் கேட்கிறவர்களும் உண்டு. காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகை போய்விடும். கூட்டாளிகள் கிடைத்தபின் அதை யோசிக்கலாம்.

5. போய் இறங்குகிற நாள்

ஜோலார்பேட்டை வழியாக வருகிற ரயில் என்றால், ஒயிட்ஃபீல்டு பக்கம் போகிறவர்கள் கே.ஆர். புரத்தில் இறங்கிவிடுங்கள், மெட்ரோ பக்கத்திலேயே இருக்கிறது. ஆம்னி பஸ்ஸில் வந்தால் விடியற்காலையில் மடிவாளா, சில்க் போர்டு பக்கம் இறக்கிவிடுவார்கள். ஆட்டோ மீட்டர் கட்டணம் 2025 ஆகஸ்டிலிருந்து முதல் 2 கிலோமீட்டருக்கு 36 ரூபாய். அந்த நேரத்தில் மீட்டர் போடச் சொன்னால் சிரிப்பார்கள். ஆட்டோ புக் செய்கிற ஆப்பில் என்ன காட்டுகிறது என்று பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.

பெண்களுக்கு ஒரு விஷயம்: கர்நாடகத்தின் சக்தி திட்ட இலவசப் பஸ் பயணம் அந்த மாநில முகவரி உள்ளவர்களுக்குத்தான். தமிழ்நாட்டு ஆதாரைக் காட்டினால் டிக்கெட் எடுக்கவேண்டும்.

6. கன்னடத்தில் ஆரம்பியுங்கள்

கடைக்காரருக்குத் தமிழ் புரியும். இருந்தாலும் எடுத்ததும் தமிழிலோ இந்தியிலோ பேசாதீர்கள். "எஷ்டு?" எவ்வளவு என்று கேட்க. "இல்லி நில்லிஸி" இங்கே நிறுத்துங்கள் என்று சொல்ல. "நனகே கன்னட ஸ்வல்ப பருத்தே", அதாவது எனக்குக் கன்னடம் கொஞ்சம்தான் வரும் என்று சொல்லிவிட்டால், மீதியை அவர்களே தமிழில் முடித்துவைப்பார்கள். காவிரிப் பேச்சு வந்தால் மட்டும் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

7. சம்பளச் சீட்டு

ஆண்டுச் சம்பளத்தைப் பன்னிரண்டால் வகுத்த தொகை கைக்கு வராது. கம்பெனி கட்டுகிற பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), கிராஜுவிட்டி (பணிக்கொடை) எல்லாம் அந்தத் தொகைக்குள்ளேயே இருக்கும். உங்கள் பங்கு பி.எஃப். தனியாகப் போகும். மாதம் 25,000-க்கு மேல் வாங்கினால் தொழில் வரி 200 ரூபாய் பிடிப்பார்கள். பி.எஃப். கணக்கில் நாமினி பெயரை முதல் மாதமே போட்டுவிடுங்கள்.

8. ஊருக்கு டிக்கெட்

ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்தான் திறக்கிறது. ஜனவரி 13 கிளம்பவேண்டுமானால் நவம்பர் 14 காலை 8 மணிக்குப் போனும் கையுமாக உட்காரவேண்டும். அங்கே சங்கராந்திக்கு ஒரு நாள்தான் லீவு. மாட்டுப் பொங்கலுக்கும் காணும் பொங்கலுக்கும் நீங்கள்தான் லீவு போடவேண்டும். மேனேஜர் சரி என்று சொல்லட்டும் என்று காத்திருக்காமல் டிக்கெட்டைப் போட்டுவிடுங்கள். சில நாள் முன்பே ரத்து செய்தால் கொஞ்சம்தான் பிடிப்பார்கள். கடைசி நேர ஆம்னி பஸ் கட்டணத்துக்கு அது எவ்வளவோ தேவலை.