படபடப்பு மாத்திரையும் அதிமதுரக் கஷாயமும்

இதயத் துடிப்பைச் சீராக்கும் மாத்திரைகள் எல்லாம் ஒன்றுதான் என்று நினைப்பது முதல் தவறு. இதயத் தசை செல்லின் சவ்வில் அயனிகள் போய்வரும் நுண்ணிய வழிகள் உண்டு. சோடியம் உள்ளே பாய்ந்தால் மின் துடிப்பு கிளம்பும், கால்சியம் புகுந்தால் தசை சுருங்கும், பொட்டாசியம் வெளியேறினால்தான் செல் அடுத்த துடிப்புக்குத் தயாராகும். ஃப்ளெகைனைடு சோடியம் வழியை அடைக்கிறது. வெரபமில் கால்சியம் வழியை, சோட்டலால் பொட்டாசியம் வழியை. அமியோடரோன் ஏறக்குறைய எல்லாவற்றிலும் கைவைக்கும். பக்கத்து வீட்டு அங்கிளுக்குக் கேட்ட மாத்திரை உங்களுக்கும் கேட்கும் என்று எப்படிச் சொல்வது?

ஈசிஜியில் கோளாறு மறைந்தால் ஆபத்தும் மறைந்தது என்று ஒருகாலத்தில் மருத்துவர்களே நம்பினார்கள். மாரடைப்பு வந்தவர்களிடம் ஃப்ளெகைனைடும் என்கைனைடும் தாறுமாறான துடிப்புகளை அடக்கின. ஆனால் மரணங்கள் கூடின. 1989இல் வெளிவந்த 'காஸ்ட்' ஆய்வு அதைக் காட்டியது. சேதமடைந்த இதயத்தில் சோடியத்தைத் தடுத்தால் மின்னோட்டம் மந்தமாகி, அது ஒரே வட்டத்தில் சுற்றிச் சுற்றி வரும் புதிய சுழல் துடிப்புக்கு இடம் கொடுத்துவிடலாம்.

சோட்டலால் விஷயத்தில் பலரும் கோட்டைவிடுவது பொட்டாசியத்தில். ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தால் அது செல்லிலிருந்து இன்னும் வேகமாக வெளியேறும் என்றுதான் தோன்றும். நடப்பது நேர்மாறு: பொட்டாசியம் வெளியேறும் முக்கியமான வழி ஒன்று சுருங்கிவிடுகிறது, மாத்திரையின் பிடியும் அதில் இறுகுகிறது. ஈசிஜியில் க்யூடி இடைவெளி (ஒரு மின் துடிப்பு கிளம்பி, செல்கள் மீண்டும் தயாராகும்வரை ஆகும் நேரம்) நீண்டு, உயிருக்கே ஆபத்தான துடிப்பு கிளம்பலாம். பொட்டாசியத்தைக் குறைப்பவை நம் வீட்டிலேயே இருக்கின்றன. நிற்காத வயிற்றுப்போக்கு ஒன்று, சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை இன்னொன்று. சிங்கப்பூர் சிராங்கூன் சாலை நாட்டு மருந்துக் கடையில் வாங்கும் அதிமதுரமும் அளவு மீறினால் அதே வேலையைச் செய்யும். சீன மருந்துக் கடைக் கஷாயங்கள் பலவற்றிலும் அது உண்டு. 'மூலிகைதானே' என்று பலதுறை மருந்தகத்தில் சொல்லாமல் விடாதீர்கள். சளிக்காக வேறு மருந்தகத்துக்குப் போனாலும் மாத்திரைப் பட்டியலைக் காட்டுங்கள். கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக்கும் க்யூடியை நீட்டும்.

கிரேப்ஃப்ரூட் சாறு அமியோடரோனைச் சிதைக்கும் நொதியைத் தடுப்பதால், ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறும். சீனப் புத்தாண்டுக்கு வீடு தேடி வரும் பம்பளிமாஸிலும் அதே வகைப் பொருள்கள் உண்டு என்பதால் மருந்தாளரிடம் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

அமியோடரோனை நிறுத்திய மறுநாளே உடல் அதை மறந்துவிடாது. கொழுப்பில் தங்கி, வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் வேலை செய்யும். அதில் அயோடின் அதிகம் என்பதால் தைராய்டு பரிசோதனையைத் தட்டிக்கழிக்கக் கூடாது.

இந்த மாத்திரைகளைச் சாப்பிடுபவர் திடீரென மயங்கி விழுந்தால் வெயில், பசி என்று காரணம் தேட வேண்டாம். ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள், மாத்திரை அட்டைகளையும் எடுத்துக் கொடுங்கள்.