பழைய போர்த்துகீசியக் கையெழுத்து பிடிபட்ட விதம்

லிஸ்பனின் டோரே டோ டொம்போ காப்பகம் இணையத்தில் வைத்திருக்கும் 18ஆம் நூற்றாண்டு ஞானஸ்நானப் பதிவேடுகள், மொழி தெரிந்தும் எனக்குப் பிடிபடவில்லை. கைகொடுத்தது அவற்றின் மாறாத வாசகம். முதலில் தேதி, அப்புறம் 'ஞானஸ்நானம் கொடுத்துப் புனித எண்ணெய் பூசினேன்' என்று வரும். அந்தத் தெரிந்த சொற்களிலிருந்து ஒவ்வொரு எழுத்தாக வெட்டியெடுத்து, பதிவை எழுதிய பாதிரியாருக்கென்றே ஓர் அரிச்சுவடி தயாரித்தேன். எழுதியவர் மாறினால் அரிச்சுவடியும் புதிது.

சுருக்கங்கள்தான் பெரிய தலைவலி. ரொட்ரிகெஸ் என்ற குடும்பப்பெயர் 'ரோய்ஸ்' ஆகிவிடும். '7ப்ரோ' ஜூலை இல்லை, செப்டம்பர். போர்த்துகீசியத்தில் செப்டம்பர் 'செத்தெம்ப்ரோ'; ஏழுக்கான 'செத்தெ' ஒலியை வைத்து எழுதியது. '8ப்ரோ' அக்டோபர். படியெடுக்கும்போது நாம் விரித்த எழுத்துகளைக் கட்டாயம் அடைப்புக்குறிக்குள் போடுங்கள். மூலத்தில் இருந்தது எது, நாம் சேர்த்தது எது என்று பின்னால் பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும்.